கன்னியாகுமரியில் பிள்ளைகள் வாங்கி வந்த பொருள்கள்: பெற்றோருக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு வணக்கம்.

கடந்த மாதம் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளின் மாணவ மாணவியரைக் கன்னியாகுமரிக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துச் சென்றதும், அனைவரும் நலமாகத் திரும்பியதும் நீங்கள் அறிந்ததே. விவேகானந்தர் பாறை, 133 அடி உயர வள்ளுவர் சிலை, இரண்டையும் இணைக்கும் கண்ணாடிப் பாலம் என்று பார்த்ததை எல்லாம் பிள்ளைகள் வீட்டில் சொல்லியிருப்பார்கள். அன்று மாலை கடற்கரைக் கடைகளில் அவர்கள் வாங்கிய பொருள்களைப் பற்றியும், அவற்றைக் கண்டு மனம் கலங்கி என்னைப் பார்க்க வந்த சில பெற்றோரைப் பற்றியும் எழுதவே இக்கடிதம். பெயரும் வகுப்பும் சொல்லவில்லை. சம்பந்தப்பட்ட பெற்றோரின் சம்மதம் பெற்றே எழுதுகிறேன்.

கைச்செலவுக்கு 200 ரூபாய்க்கு மேல் கொடுத்தனுப்ப வேண்டாம் என்று சுற்றறிக்கையில் கேட்டிருந்தோம். ஒரு மாணவன் அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு மூன்று கடைகளில் விலை விசாரித்து, 80 ரூபாய் சொன்ன சிப்பி மாலை ஒன்றை 50 ரூபாய்க்குப் பேசி வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டான். பேருந்தில் பையன்கள் கேலி செய்தார்கள். வீட்டில் அவனுடைய அப்பா கோபத்தில் மாலையைப் பிடித்து இழுக்க, நூல் அறுந்து சிப்பிகள் தரையில் சிதறின. திங்கட்கிழமை அவன் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தபோது காம்பஸுக்கும் அளவுகோலுக்கும் இடையே அந்தச் சிப்பிகள் கிடந்தன. மொத்தம் 43 இருந்ததாகவும், இரண்டு கிடைக்கவில்லை என்றும் சொன்னான். ஏன் வாங்கினாய் என்று கேட்டேன். "அழகா இருந்துச்சு மிஸ்" என்றான். ஒரு பிள்ளை தன் காசில் ஒரு பொருளை வாங்க அந்தக் காரணம் போதும் என்பது என் எண்ணம்.

மறுநாள் அவன் அப்பாவே வந்தார். அவரைக் குறை சொல்லி எழுத எனக்கு மனமில்லை. மகனுடைய படிப்புக்காக ஓவர்டைம் பார்க்கிற மனிதர் அவர். "நாலு பேர் சிரிச்சா அவன் தாங்க மாட்டான் டீச்சர், அதுக்காகத்தான்" என்று சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. மகன் கேலிக்கு ஆளாகக் கூடாது என்ற அவருடைய அச்சம் நியாயமானதே. ஆனால், வெளியே நாலு பேர் சிரிப்பதைத் தாங்கும் பலம் பிள்ளைக்கு வீட்டிலிருந்துதான் கிடைக்க வேண்டும். வீட்டிலும் அதே சொல் காத்திருந்தால் அவன் எங்கே போவான் என்று கேட்டேன். கார்த்திகை பிறந்தால் அவரும் துளசி மணி மாலை அணிந்து மலைக்குச் செல்கிறவர். நம் கொள்ளுத்தாத்தாக்கள் பலர் காதில் கடுக்கனும் தலையில் குடுமியுமாக இருந்தவர்கள். அதனால் அவர்களுடைய ஆண்மைக்கு எந்தக் குறையும் வந்துவிடவில்லை என்பதைச் சிறிது நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

இன்னொரு பயத்தையும் அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார், வேறு பெற்றோரும் சொல்லியிருக்கிறார்கள். இப்போதே திருத்தாவிட்டால் பிள்ளை "வேறு மாதிரி" ஆகிவிடுவானோ என்பதே அது. ஒரு மாலையாலோ பொம்மையாலோ எந்தப் பிள்ளையின் இயல்பும் மாறி நான் கண்டதில்லை. எந்தப் பிள்ளையாக இருந்தாலும், பின்னாளில் தன்னைப் பற்றி நாம் எதிர்பாராத ஒன்றை மனம் திறந்து சொல்ல நேர்ந்தால், அதை முதலில் நம்மிடம் வந்து சொல்லும் தைரியம் அதற்கு இருக்க வேண்டும். அந்தத் தைரியம் இந்த வயதில், இத்தகைய சின்ன விஷயங்களில்தான் வளரும் அல்லது கருகும்.

ஒரு மாணவி 150 ரூபாய் கொடுத்து ஒரு பிளாஸ்டிக் பைனாகுலர் வாங்கியிருந்தாள். "கூடப் போன பிள்ளைங்க எல்லாம் வளையல், கிளிப்னு வாங்கியிருக்க, இவ இதைத் தூக்கிட்டு ராத்திரி மொட்டை மாடியில நிக்கிறா" என்பது அவள் அம்மாவின் வருத்தம். மாடியில் எதைப் பார்க்கிறாள் என்று விசாரித்தால், நிலாவை. தமிழாசிரியையாக நெடுநாள் இருந்தவள் என்பதால் குழந்தைப் பருவத்தைப் பத்துப் பருவங்களாகப் பிரித்துப் பாடும் பிள்ளைத்தமிழ் எனக்கு நினைவுக்கு வந்தது. ஆண் பெண் வேறுபாட்டை நம் முன்னோர் அறவே பாராட்டவில்லை என்று நான் சொல்லமாட்டேன். பத்துப் பருவங்களில் கடைசி மூன்றை ஆண் குழந்தைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்றும், பெண் குழந்தைக்கு அம்மானை, நீராடல், ஊசல் என்றும் பிரித்துத்தான் வைத்தார்கள். இருந்தாலும் காப்பு முதல் அம்புலி வரை முதல் ஏழு பருவங்களும் இருவருக்கும் பொது. நிலாவை விளையாட அழைக்கும் உரிமை பெண் குழந்தைக்கும் அன்றே இருந்தது. இரவில் தனியே நிற்கிறாளே என்ற கவலை இருந்தால், அம்மாவும் பத்து நிமிடம் மாடிக்குப் போய் உடன் நின்று பார்க்கலாம் என்று கேட்டுக்கொண்டேன். அவரும் போனதாகப் பிறகு சொன்னார்.

இவற்றைவிட என்னை அதிகம் வருத்தியது வேறொன்று. சுற்றுலா பற்றிய கட்டுரையில் செலவுக் கணக்கையும் எழுதச் சொல்லியிருந்தோம். ஒரே வீட்டிலிருந்து வந்த அண்ணனிடம் 200 ரூபாய் இருந்திருக்கிறது, தங்கையிடம் 100 ரூபாய் இருந்திருக்கிறது. தங்கையின் நோட்டில், அம்மாவுக்குச் சிப்பி ஒட்டிய குங்குமச் சிமிழ் 40, பாட்டிக்குச் சீப்பு 30, தம்பிக்கு விசில் 20, மீதி 10 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று இருந்தது. தனக்கென்று அவள் எதுவுமே வாங்கிக்கொள்ளவில்லை. அண்ணனின் நோட்டில் கூலிங் கிளாஸ், ஐஸ்கிரீம் என்று இருந்தது, மீதி எவ்வளவு என்ற வரி இல்லை. வீட்டில் கேட்கவில்லையா என்றதற்கு, "என்கிட்ட கேக்க மாட்டாங்க மிஸ்" என்றான். அவள் தாராள மனம் பாராட்டத்தக்கது, ஐயமில்லை. ஆனால் தனக்கும் ஏதாவது பிடிக்கலாம் என்பதே பதினொரு வயதுப் பிள்ளைக்குத் தோன்றவில்லை என்றால், அதை நாம்தான் கற்றுக் கொடுத்திருக்கிறோம். குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று நம் மாநிலம் 1989-லேயே சட்டத் திருத்தம் செய்தது. சுற்றுலாவுக்குக் கொடுக்கும் கைச்செலவில் அந்தச் சமம் இல்லாமல் வளர்கிற பெண், நாளை தன் பங்கை வாய் திறந்து கேட்பாள் என்று எப்படி எதிர்பார்ப்பது?

பள்ளியின் பிழைகளையும் மறைக்காமல் எழுத வேண்டும். பேருந்தில் அந்த மாணவனைக் கேலி செய்தபோது எங்கள் ஆசிரியர் ஒருவரும் சேர்ந்து சிரித்திருக்கிறார். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆம் பிரிவு, உடலைத் தண்டிப்பதைப் போலவே மனத்தைத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. அந்த ஆசிரியர் மாணவனிடமும் அவன் பெற்றோரிடமும் வருத்தம் தெரிவித்துவிட்டார், பள்ளியின் சார்பில் நானும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கேலி செய்த மாணவர்களிடம் தனித்தனியே பேசியிருக்கிறோம். அடுத்தது, ஆண்டுதோறும் விளையாட்டு விழாவில் பையன்களுக்கு கிரிக்கெட் மட்டையும் பந்தும், பெண்களுக்கு எவர்சில்வர் டப்பாவும் தட்டும் பரிசாகக் கொடுத்து வந்திருக்கிறோம். 100 மீட்டர் ஓட்டத்தில் முதலாவதாக வந்த பெண்ணின் கையில் சமையலறைப் பாத்திரத்தைக் கொடுத்துக் கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி. இந்த ஆண்டு எல்லாப் பரிசுகளையும் ஒரே மேசையில் வைத்து, வென்ற வரிசைப்படி பிள்ளைகளே வந்து தங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளச் செய்யப்போகிறோம். மட்டையைப் பெண் எடுத்தாலும் டப்பாவைப் பையன் எடுத்தாலும் பந்தலில் இருக்கும் பெரியவர்கள் சிரிக்காமல் இருந்தால் போதும், பிள்ளைகள் இயல்பாக இருப்பார்கள்.

உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். அடுத்த முறை மகனுக்கும் மகளுக்கும் ஒரே தொகையைக் கொடுங்கள், திரும்பி வந்ததும் இருவரிடமும் ஒரே மாதிரி கணக்குக் கேளுங்கள். என்ன வாங்கினாய், என்ன விலை, பேரம் பேசினாயா, மீதி எவ்வளவு என்று தாராளமாகக் கேட்கலாம். உடலுக்குத் தீங்கானதையோ அளவுக்கு மீறிய விலையுள்ளதையோ வாங்கியிருந்தால் கண்டிக்கவும் வேண்டும். இது ஆண் வாங்குவதா, பெண் வாங்குவதா என்ற கேள்வியை மட்டும் விட்டுவிடுங்கள்.

இதுபற்றிப் பேச வரும் வெள்ளிக்கிழமை மாலை 4.30 மணிக்குப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துடன் பெற்றோர் கூட்டமும் வைத்திருக்கிறோம். அப்பாக்கள் அவசியம் வர வேண்டும், வேலை முடிந்து தாமதமாக வருபவர்களுக்காக நான் 7 மணி வரை இருப்பேன். சிப்பி மாலையைக் கோக்க எங்கள் கைத்தொழில் ஆசிரியை நைலான் நூல் கொடுத்திருக்கிறார். காணாமல் போன இரண்டு சிப்பிகளைக் கட்டிலுக்கு அடியிலிருந்து அவன் அப்பாவே தேடி எடுத்துக் கொடுத்ததாக நேற்று அந்த மாணவன் சொன்னான்.

இப்படிக்கு,
தங்கள் நலம் நாடும்
தலைமையாசிரியை