இரவுக் காவலில் என்ன பேசுவது?

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் மகள் கல்லூரி விடுதிக்குப் போன கையோடு டிஸ்கார்ட் அரட்டைத் தளத்தில் ஆளுக்கொரு பாத்திரமாகப் பதிவெழுதி நீங்கள் ஆடும் கதை ஆட்டத்தில் திருடி வேடத்தில் சேர்ந்துகொண்டாள் என்று படித்து வாய்விட்டுச் சிரித்தேன். இங்கே அம்மாவுக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது. நான் திரையில் என்ன தட்டச்சு செய்கிறேன் என்று பின்னால் நின்று படிக்கும் அளவுக்குப் பார்வை தெளிந்துவிட்டது.

நீ கேட்டதற்கு வருகிறேன். ஆட்டத்தை நடத்தும் பொறுப்பை நீ ஏற்ற பிறகு சண்டைகள் விறுவிறுப்பாக நடக்கின்றன, புதிர்களையும் அவிழ்த்துவிடுகிறார்கள், ஆனால் நான்கு பாத்திரங்களும் ஒரே பேருந்தில் ஏறிய அந்நியர்களைப் போலவே இருக்கிறார்கள் என்று குறைப்பட்டிருந்தாய். நீ அனுப்பிய பதிவுகளை எல்லாம் படித்துப் பார்த்தேன். உன் ஆட்டக்காரர்கள் நன்றாகவே எழுதுகிறார்கள். குள்ள வீரனாக ஆடுபவர், தகப்பனின் கொல்லுப்பட்டறை எரிந்துபோன இரவை அவன் நினைத்துப் பார்ப்பதாக எழுதிய மூன்று பத்திகள் அருமை. ஆனால் அதற்குக் கீழே யாருமே எதுவும் எழுதவில்லை என்பதைக் கவனித்தாயா? எழுதவும் முடியாது. அவன் மனத்துக்குள் நினைத்ததைப் படித்தவர்கள் ஆட்டக்காரர்கள்தானே தவிர, அவர்களுடைய பாத்திரங்கள் அதைக் கேட்கவே இல்லை. கேட்காத ஒன்றுக்கு மறுமொழி சொல்வது எப்படி?

அதே குள்ளன் நெருப்பருகில் ஈரச் செருப்பைக் காயவைத்துக்கொண்டு, "இந்த மழைக்கு எந்தத் தோலும் தாங்காது. உன் செருப்பு மட்டும் எப்படி நனையவில்லை? யார் தைத்தது?" என்று திருடியிடம் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார். உன் மகள் உண்மையைச் சொல்லலாம், பொய் சொல்லலாம், "செத்தவன் காலிலிருந்து கழற்றியது" என்று சொல்லி எல்லோரையும் ஒரு கணம் வாயடைக்க வைக்கலாம். அவள் எதைச் சொன்னாலும், கைத்தொழிலை அவனுக்குக் கற்றுக்கொடுத்த தகப்பனைப் பற்றியும் எரிந்த பட்டறையைப் பற்றியும் பேச அவனுக்கு ஒரு வழி திறந்துவிடும். மூன்று பத்தி நினைவும் இரண்டு வரிப் பேச்சாக வெளியே வரும். அதுவும் ஒருவர் கேட்டதனால் வரும்.

இதை எழுதும்போது பழைய எழுத்து விளையாட்டுகள் நினைவுக்கு வருகின்றன. 1978இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த, பலர் கணினி வழியே சேர்ந்து எழுத்தில் ஆடும் முதல் 'மட்' விளையாட்டில், புதையல் தேடிப் புள்ளி சேர்த்து மந்திரவாதி நிலையை எட்டுவதே குறிக்கோள். 1989இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஆஸ்ப்னஸ் எழுதிய 'டைனிமட்' அந்தப் புள்ளி வேட்டையை விட்டுவிட்டது. வந்தவர்கள் சொற்களால் அறைகளைக் கட்டினார்கள், அவற்றில் உட்கார்ந்து பேசினார்கள். அங்கே மேற்கோள்குறியைத் தட்டி எழுதினால் பேச்சு, முக்காற்புள்ளியைத் தட்டி எழுதினால் செய்கை. நினைப்புக்கென்று அப்படியொரு குறுக்குவிசை இருக்கவில்லை. அது திட்டமிட்டுச் செய்ததோ இல்லையோ, என் கணிப்பில் மிகச் சரியான ஏற்பாடு. சேர்ந்து ஆடும் இடத்தில் பிறர் காணக்கூடியதும் கேட்கக்கூடியதும் மட்டுமே கதையை நகர்த்துகின்றன.

பேசுவதற்கு நேரம் எங்கே என்று நீ கேட்பாய். நீங்கள் பின்பற்றும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற பாத்திர ஆட்டத்தின் விதிநூலிலேயே அதற்கு இடம் இருக்கிறது. ஐந்தாம் பதிப்பின்படி நீண்ட ஓய்வு என்பது குறைந்தது 8 மணி நேரம். அதில் 6 மணி நேரம் உறக்கம் போக, 2 மணி நேரம் வரை படிக்கலாம், பேசலாம், உண்ணலாம், காவல் நிற்கலாம். நீயோ ஒவ்வொரு முறையும் "இரவு கழிந்தது, காயங்கள் ஆறின" என்று ஒரே வரியில் விடியவைத்துவிடுகிறாய்! உங்கள் குழுவில் எல்ஃப் என்னும் கற்பனை இனத்து வில்லாளி ஒருத்தி வேறு இருக்கிறாள். எல்ஃப்களுக்கு உறக்கம் தேவையில்லை, 4 மணி நேரத் தியானமே போதும் என்பதால், மற்ற மூவரும் முறை மாற்றிக் காவலுக்கு எழும்போது அவர்களில் இருவருக்காவது அவள் விழித்திருந்து துணையாக இருக்க முடியும். இருவர் மட்டும் விழித்திருக்கும் அந்த நேரத்தில், பகல் முழுவதும் நால்வராக நடந்தபோது பேசாதவற்றைப் பேசுவார்கள்.

மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1923இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், நாள் வேலை முடிந்து ஊர்த் தீயைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களின் பேச்சு, கருத்தைத் தெரிவிப்பதற்காக நடப்பதில்லை என்றும், மனிதரை மனிதரோடு பிணைப்பதற்காகவே நடக்கிறது என்றும் சொல்லியிருக்கிறார். வாழ்க்கைக்கு அது சரியாக இருக்கலாம். நம் ஆட்டத்துக்குப் பாதிதான் பொருந்தும் என்று நினைக்கிறேன். உயிருள்ள மனிதருக்குக் கூழ் பிடிக்குமா பிடிக்காதா என்பது நாம் கேட்பதற்கு முன்பே முடிவாகி இருக்கும். குள்ளனுக்கோ, "இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா?" என்று யாராவது கேட்கும் வரை அப்படி ஒரு விருப்பமே கிடையாது, கேட்ட பிறகுதான் அவனை ஆடுபவரே யோசித்துக் கண்டுபிடிக்கிறார். ஆகவே அற்பமான கேள்விகள்தாம் பாத்திரத்தை நிரப்புகின்றன. குடும்ப வரலாற்றைப் பக்கம் பக்கமாக எழுதி வைத்துக்கொண்டு ஆட வருபவர்களைவிட, காலிச் சட்டியோடு வந்து பிறர் கேட்கக் கேட்க நிரப்பிக்கொள்பவர்களே எனக்குப் பிடித்தமானவர்கள்.

தமிழில் ஆடுவதால் உங்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. நம்மால் ஒருவரை எப்படி அழைப்பது என்று தீர்மானிக்காமல் பேச்சைத் தொடங்கவே முடியாது. குள்ளன் திருடியை 'நீ' என்கிறானா, 'அம்மா' என்கிறானா, பேர் சொல்லி அழைக்கிறானா? மந்திரவாதியை எல்லோரும் 'நீங்கள்' என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது, சதுப்பு நிலத்தில் உயிர் தப்பிய இரவில் வில்லாளி மட்டும் அவரை 'அண்ணே' என்று அழைத்துவிட்டால், அதற்குமேல் நட்பை விளக்கி ஒரு பத்தி எழுத வேண்டியதில்லை. இவற்றை நீ விதியாகப் போட்டுவிடாதே, அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

நடத்துபவளான உனக்கும் இதில் ஆதாயம் இருக்கிறது. வடக்கே போர் மூண்டிருக்கிறது என்று நீயே அறிவிப்பதைவிட, சத்திரக்காரி உப்பு விலையைச் சொல்லிப் புலம்பட்டும். ஏன் ஏறியது என்று யாராவது கேட்பார்கள். பேச்சுவாக்கில் ஆட்டக்காரர்கள் உதிர்ப்பவற்றைத் தனியே குறித்து வை. தன் அக்காள் ஓடத்துறையில் இருக்கிறாள் என்று வில்லாளி எப்போதோ சொன்னால், பல வாரம் கழித்து அவர்கள் ஆற்றைக் கடக்கும் இடத்தில் அந்த அக்காள் நிற்கட்டும்.

அஞ்ச வேண்டியவையும் சில உண்டு. ஒருவர் கேள்வியைக் கேட்டுவிட்டு, "அவள் வெட்கத்துடன் சிரித்தாள்" என்று மற்றவர் பாத்திரத்தின் மறுமொழியையும் தாமே எழுதிவிடுவதை முளையிலேயே நிறுத்திவிடு. இருவர் தங்களுக்குள் பேசிக்கொண்டே போய் மற்றவர்களைக் காக்கவைப்பதும் நடக்கும். ஆளுக்கு நாளொரு பதிவு என்று நகரும் ஆட்டத்தில், கூழைப் பற்றிய பேச்சு ஒரு வாரத்தை விழுங்கிவிடும். அதற்கு, நெருப்படிப் பேச்சுக்கென்று தனியாக ஒரு சேனல் திறந்து, அது அங்கே நிதானமாக ஓடிக்கொண்டிருக்க, முதன்மைக் கதையை மறுநாள் காலைக்கு நகர்த்திவிடு. காலத்தில் சற்று முன்பின் இருந்தாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். சண்டை நடுவே மட்டும் வேண்டாம். விதிநூல் கணக்கில் 6 விநாடியே ஓடும் சண்டைச் சுற்றுக்குள் வாளை வீசிக்கொண்டே தட்பவெப்பம் பேசுபவர்களை எனக்குப் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

அடுத்த ஓய்வில் உன் மகளையே முதல் காவலுக்கு நிறுத்திப் பார். குள்ளனை ஆடுபவரிடம் செருப்பு விஷயத்தை நீ தனியே காதில் போட்டுவைத்தாலும் தவறில்லை. அவர்கள் ஓடத்துறைக்கு வந்துசேரும் வாரத்தை முன்கூட்டியே எழுது; அந்த அக்காள் வேடத்தை ஒரு நாளுக்கு நான் ஆடித் தருகிறேன். அவள் வாயாடியா, முசுடா என்பதை மட்டும் வில்லாளியை ஆடுபவரிடம் கேட்டுச் சொல்.

உன் அன்புத் தோழி