கோணல் யூ கட்டையை நேராக்க நினைக்கும் நண்பருக்கு

அன்புள்ள நண்பருக்கு,

வில் செய்வதற்காக நீங்கள் வைத்திருக்கும் யூ (yew) மரக் கட்டையின் படங்களையும், அதிலுள்ள கணுக்களையும் நெளிவையும் கண்டு மனம் தளர்ந்து நீங்கள் எழுதியிருந்ததையும் பார்த்தேன். இதே கவலை வேறு சிலருக்கும் இருக்கக்கூடும் என்பதால் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன். அறுவை மில்லுக்குக் கொண்டுபோய்க் கட்டையை நேர்க்கோட்டில் அறுத்துவிட்டால் வேலை சுலபமாகுமே என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். கோணலாக வளர்ந்த மரத்தில் நாரும் கோணலாகவே ஓடும். வில்லின் வடிவமும் அந்த ஓட்டத்தோடு சென்றால் கோணலால் ஒரு கெடுதலும் இல்லை. ரம்பம் நேராகப் போகும்போதுதான் நார் பாதிவழியில் அறுபட்டு அதன் முனை வில்லின் முதுகுப்பக்கம், அதாவது எய்பவருக்கு எதிர்ப்புறம், வெளியே வருகிறது. நாணை இழுத்ததும் சிராய் எழும்புவது அந்த இடத்தில்தான்.

கணுவே இல்லாத நேரான யூ கட்டை எளிதில் கிடைத்த காலம் என்று ஒன்று இருந்ததாகத் தெரியவில்லை. நெடுவில்லை நம்பிப் போரிட்ட இங்கிலாந்தே 1472ஆம் ஆண்டில், வெனிஸ் முதலிய இடங்களிலிருந்து வரும் கப்பல்கள் சரக்கில் ஒவ்வொரு டன்னுக்கும் நான்கு வில்கட்டைகள் வீதம் கொண்டுவர வேண்டும் என்று சட்டம் போட நேர்ந்தது. ஓர் அரசுக்கே அந்த நிலைமை என்றால், உங்களுக்குக் கிடைத்த கட்டையில் நான்கைந்து கணுக்கள் இருப்பதை அவ்வளவு பெரிய குறையாக நினைக்க வேண்டியதில்லை.

முதலில் முதுகைக் கவனியுங்கள். யூ மரத்தில் வெளிப்புறம் இருக்கும் வெள்ளைப் பகுதி இழுவிசையைத் தாங்கும். உள்ளே செம்பழுப்பாக இருக்கும் வைரப் பகுதி அழுத்தத்தைத் தாங்கும். எய்பவரைப் பார்த்திருக்கும் வயிற்றுப்பக்கம் வைரமும், எதிர்ப்புறமுள்ள முதுகில் வெள்ளையும் அமைவது அதனால்தான். வெள்ளை மிகவும் தடித்திருந்தால் ஆறேழு மில்லிமீட்டர் அளவுக்குக் குறைக்கலாம். ஆனால் ஒரே ஆண்டு வளையத்தைப் பிடித்துக்கொண்டு, அது மேடேறும் இடத்தில் ஏறியும் பள்ளத்தில் இறங்கியும் குறைக்க வேண்டும். அனுபவமுள்ளவர்கள் யூ மரத்தில் ஓரிரு வளையங்களைத் தாண்டி வெட்டிவிட்டும் தப்பிப்பதுண்டு. கணுக்கள் நிறைந்த கட்டையில் அந்தச் சலுகையை எடுத்துக்கொள்வது எனக்கு உடன்பாடில்லை. பக்கவாட்டில் பார்க்கும்போது வெள்ளைக்கும் வைரத்துக்கும் இடையிலான கோடு அலையலையாகத் தெரிந்தால், அதை அழகுக்காக நேராக்க முயல வேண்டாம்.

இனி கணு. ஒரு கிளை புறப்பட்ட இடம் அது. தலையிலுள்ள சுழியைச் சுற்றி மயிர் ஓடுவதுபோல மரநார் அதைச் சுற்றிக்கொண்டு போகும். முதுகில் கணு இருக்குமிடத்தில் வளையம் தானாகவே சிறு குன்றாக மேலெழும்பியிருக்கும். இருகைப்பிடிக் கத்தியை அதன்மேல் நேராக ஓட்டினால் குன்றின் உச்சி சீவப்பட்டு, சுற்றிவந்த நார்கள் அனைத்தும் ஒரே இடத்தில் அறுந்துபோகும். ஆகவே கணுவுக்கு ஒரு விரற்கடை முன்பாகவே கத்தியை நிறுத்திவிட்டு, சுரண்டும் தகட்டாலும் சிறு அரத்தாலும் குன்றைச் சுற்றி வேலை செய்து, அதை மேடாகவே விட்டுவிடுங்கள். கையால் தடவினால் அங்கே ஒரு புடைப்புத் தட்டுப்பட வேண்டும்.

வயிற்றுப்பக்கக் கணுவுக்குக் கணக்கு வேறு. அங்கே மரம் நசுங்கும். கணுவையொட்டி மரம் மெலிந்திருந்தால் குறுக்கே மயிரிழை போன்ற மடிப்புக் கோடுகள் விழும். அகலம் கூடினால் விறைப்பு அதே விகிதத்தில்தான் கூடும். தடிமனுக்கோ மும்மடிக் கணக்கு. தடிமனில் பத்தில் ஒரு பங்கு போனால் விறைப்பில் கால் பங்குக்கும் மேல் போய்விடும். எனவே கணுவைச் சுற்றி இம்மியளவு தடிமனைக் கூடுதலாக விட்டாலே போதும். அதற்கு மேல் விட்டால் அந்த இடம் வளையாமல் நின்று, பக்கத்து இடங்கள் அதன் பங்கையும் சேர்த்துச் சுமக்கும். இற்றுப்போன, கருத்துத் தளர்ந்த கணுவாக இருந்தால் குடைந்தெடுத்துவிட்டு, நல்ல வைரக்கட்டையில் இறுக்கமான ஆப்பு செதுக்கிப் பசையோடு அடைக்கலாம். இது வயிற்றுப்பக்கம் மட்டுமே பலன் தரும், ஏனெனில் அழுத்தம் ஆப்பை மேலும் இறுக்கும். முதுகில் இழுவிசை ஆப்பைவிட்டு மரத்தை விலக்கவே பார்க்கும் என்பதால் அங்கே அடைப்பு வெறும் ஒப்பனைதான்.

கணு எங்கே அமைகிறது என்பதும் முக்கியம். பிடியருகிலோ நுனியருகிலோ இருந்தால் பெரும்பாலும் தொல்லையில்லை. வில்லின் கையில், அதாவது பிடிக்கும் நுனிக்கும் இடையே வளையும் பகுதியில், நடுவாக, அதுவும் விளிம்பை ஒட்டிப் பாதி வெட்டுப்பட்டு நின்றால்தான் ஆபத்து. உங்கள் மூன்றாவது படத்தில் இருப்பது அந்த வகைதான். பென்சிலால் வடிவம் வரையும்போதே கோட்டைச் சற்று நகர்த்தி, அந்தக் கணு முழுவதுமாக உள்ளே வரும்படியோ முழுவதுமாக வெளியே போகும்படியோ செய்துவிடுங்கள்.

பக்கவாட்டு நெளிவுக்கும் இதே போக்குதான். நடுக்கோட்டை அளவுகோல் வைத்து இழுக்காமல், முதுகில் தெரியும் நாரைப் பின்பற்றிக் கையாலேயே வரையுங்கள். வில்லின் கைகள் பாம்புபோல் நெளிந்தாலும், இரு நுனிகளுக்கும் இடையே கட்டிய நூல் பிடியின் மேல் சென்றால் வில் ஒழுங்காக எய்யும். நூல் சற்றே விலகினால் நாண் வெட்டை, அதாவது நுனியில் நாண் மாட்டும் பள்ளத்தை, ஒருபுறமாக நகர்த்திச் சரிக்கட்டலாம். நன்றாகவே விலகினால் மட்டும் ஆவியில் வேகவைத்து வளையுங்கள். எல்லா நெளிவையும் வெப்பத்தால் நிமிர்த்திவிடும் பழக்கம் இப்போது பெருகியிருக்கிறது. தேவையில்லாத இடத்தில் அது வீண் வேலை என்பதே என் கருத்து. வில்லின் கை சற்று முறுக்கியிருப்பதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நாண் பிடியைவிட்டு விலகாதவரை அதை விட்டுவிடுங்கள்.

வளைத்துப் பார்த்து, விறைப்பான இடத்தைச் சுரண்டும் கட்டத்தில்தான் இத்தகைய கட்டை கண்ணை ஏமாற்றும். இயல்பிலேயே முதுகுப்பக்கமாக வளைந்திருக்கும் இடம், இழுத்த நிலையில் நேராகத் தோன்றி ‘இங்கே விறைப்பு’ என்று சொல்லும். நம்பிச் சுரண்டினால் அங்கேதான் மடியும். எய்பவர் பக்கம் குழிந்த இடமோ, சரியாக இருக்கும்போதே பலவீனமாகத் தோன்றும். ஆகவே சுரண்டுவதற்கு முன் கட்டையைப் பக்கவாட்டில் ஒரு பலகைமேல் கிடத்தி, வளையாத நிலையில் அதன் முழு உருவையும் பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள். இழுத்த பிறகு எந்த இடம் அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு நகர்ந்தது என்பதைப் பாருங்கள். நேர்க்கட்டையை வில்லின் வயிற்றில் வைத்து இடைவெளி பார்க்கும் முறை, நெளிந்த கட்டையில் பொய்யான விடையே தரும். சந்தேகம் வந்தால் விரல்களால் தடிமனைத் தடவிப் பார்த்து, அது பிடியிலிருந்து நுனிவரை சீராகக் குறைகிறதா என்று உறுதிசெய்த பிறகே தகட்டை எடுங்கள்.

முதுகில் குறுக்காக ஓடும் வெடிப்போ, கையின் அகலம் முழுவதையும் அடைத்துக்கொண்ட கணுக்கூட்டமோ இருந்தால் நானே கட்டையை ஒதுக்கிவிடச் சொல்லியிருப்பேன். உங்கள் படங்களில் அவை இரண்டும் இல்லை.

ஒன்றை விட்டுவிட்டேன். யூ மரத்தில் நஞ்சு உண்டு, தூளிலும் உண்டு. கணுவைச் சுற்றி அரம் போடும்போது மெல்லிய தூள் நிறையப் பறக்கும். முகக்கவசம் அணிந்துகொண்டு, காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யுங்கள். நாண் வெட்டுகளைப் போடுவதற்கு முன், பலகையில் வரைந்த அந்த உருவையும் நூல் கட்டிய நிலையில் மேலிருந்து எடுத்த ஒரு படத்தையும் எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்