ஏணியோடு வந்த பெரியவருக்கு நன்றி

அமெரிக்காவின் ஒரிகான் கடற்கரை, நியூபோர்ட். விடாத மழையில் எங்கள் பழைய மோட்டார்ஹோமின் (தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி) கூரை ஒழுகி, மகளின் மெத்தை நனைந்துவிட்டது. பக்கத்து வண்டியிலிருந்த நீங்கள், கேட்காமலேயே ஏணியோடு வந்தீர்கள். சொட்டும் இடத்துக்கு நேர்மேலே நான் ஓட்டையைத் தேடிக்கொண்டிருந்தேன். தண்ணீர் உள்ளுக்குள் வெகுதூரம் ஓடித்தான் சொட்டும் என்று சொல்லி, முன்பக்கத்துக் காற்றுத் திறப்பின் விளிம்பில் வெடித்துக் கிடந்த பழைய பூச்சைக் காட்டினீர்கள். நான் வாங்கி வைத்திருந்த சிலிகோன் பசையைத் தொடவே விடவில்லை. ரப்பர் கூரையில் அது சரியாகப் பிடிக்காது, அப்புறம் அதன்மேல் வேறெதுவும் ஒட்டாது என்றீர்கள். மழை விட்டதும் பழையதைச் சுரண்டி, துடைத்து, காயவிட்டு, விளிம்புக்கு அடியில் பியூட்டைல் டேப் (நீர் புகாமல் அடைக்கும் ஒட்டு நாடா) வைத்துத் திருகுகளை முடுக்கினீர்கள். அவற்றின் தலைமேல் சீலன்ட் என்ற அடைப்புப் பூச்சு. முழுதாக மூன்று மணி நேரம்! காசு வாங்கவே இல்லை. பதற்றத்தில் உங்கள் பெயரைக்கூடக் கேட்காமல் விட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்து மறுபடி பெருமழை. மகள் காய்ந்த மெத்தையில் அயர்ந்து தூங்கினாள். ரொம்ப நன்றி ஐயா.