முதுகுநாண் வேறு, முதுகெலும்பு வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாணவர் பக்கத்தில் வந்த விலங்கு வகைப்பாட்டுக் குறிப்பு, 'முதுகுநாணிகள் என்றால் முதுகெலும்பு உள்ளவை' என்று தொடங்குகிறது. முதுகெலும்பிகள் எல்லாம் முதுகுநாணிகள்தான். முதுகுநாணிகள் எல்லாம் முதுகெலும்பிகள் அல்ல.

முதுகுநாண் எலும்பே அல்ல. உறைக்குள் நெருக்கமாக அடைந்த செல்களாலான, விறைப்பான, ஆனால் வளையக்கூடிய தண்டு அது. கருவில் நமக்கும் உண்டு. பிறகு முதுகெலும்புத் துண்டுகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ள, மிச்சம் அத்துண்டுகளுக்கு இடையிலுள்ள வட்டுகளின் நடுவில் கூழாக நின்றுவிடுகிறது. 'டிஸ்க் நழுவிவிட்டது' என்கிறோமே, பெரும்பாலும் பிதுங்குவது அந்தக் கூழ்தான்.

குறுக்குவெட்டுப் படத்தில் மேலிருந்து கீழே பார்த்தால் போதும்: உள்ளீடற்ற நரம்புக் குழல், அதன்கீழ் முதுகுநாண், அதன்கீழ் உணவுப்பாதை. மண்புழுவிலும் கரப்பானிலும் நரம்பு வடம் வயிற்றுப்பக்கம் ஓடும். உள்ளே குழலும் இராது. தொண்டைப் பிளவுகளும் ஆசனவாய்க்குப் பின்னே நீளும் வாலும் மற்ற அடையாளங்கள். இவை வாழ்வின் ஏதாவது ஒரு கட்டத்தில் இருந்தால் போதும். குறிப்பில் விடுபட்டது இந்த வரிதான்.

அது இல்லாமல் அசிடியனைப் புரிந்துகொள்ள முடியாது. துறைமுகச் சுவரிலும் படகின் அடியிலும் ஒட்டிக்கிடக்கும், தொட்டால் நீரைப் பீய்ச்சும் பை அது. 1866இல் ருஷ்ய விலங்கியலாளர் கோவலெவ்ஸ்கி அதன் லார்வாவின் (நீந்தும் இளம் பருவத்தின்) வாலில் முதுகுநாணைக் கண்டுகாட்டும் வரை நத்தை, சிப்பி போன்ற மெல்லுடலிகளோடு சேர்த்தே பலரும் எண்ணினர். லார்வா தலைப்பக்கமாக ஒட்டிக்கொண்டதும் வால், முதுகுநாணோடு உறிஞ்சப்பட்டுவிடும். தொண்டைப் பிளவுகள் மட்டும் மிஞ்சும். முதுகுநாண் வாலில் மட்டும் இருப்பதே இவற்றுக்கு வால்முதுகுநாணிகள் என்ற பெயர் வந்த காரணம்.

தலைமுதுகுநாணியான ஆம்பியாக்சஸ் என்ற சிறு கடல்விலங்கில் அந்தத் தண்டு மூக்கு நுனிவரை நீண்டு, ஆயுள் முழுக்க இருக்கும். மண்டையோடு கிடையாது. மீன்சாயல் இருப்பதால் இதுதான் நமக்கு நெருங்கிய உறவு என்று பாடம் எழுதுவார்கள். 2006 முதல் வந்த மரபணு ஒப்பீடுகளோ அசிடியனைத்தான் நம் பக்கத்தில் வைக்கின்றன!

பெலனோகிளாசஸ் என்ற புழுவடிவக் கடல்விலங்கையும் குறிப்பு முதுகுநாணிகளில் சேர்த்திருப்பது பழைய வழக்கம். அதில் நாண்போல் தெரிவது வாய்க்குழியிலிருந்து முன்னோக்கி நீண்ட பை. அதனால் இது சேர்ந்த அரைநாணிகள் இன்று தனித் தொகுதி.

மீன் முதல் பாலூட்டி வரையான பகுதி சரியே, ஓரிடம் நீங்கலாக. பாம்புபோல் நீண்ட மீனான லாம்ப்ரே, குறிப்பு சொல்வதுபோல் விலாங்கு வகை அல்ல. அதற்குத் தாடையும் இணைத் துடுப்புகளும் இல்லை. பக்கத்துக்கு ஏழு செவுள் துளைகள். விலாங்குக்குத் தாடையும் மார்புத் துடுப்பும் உண்டு.

மாணவர்கள் இக்குறிப்பை வெட்டி ஒட்டி வைப்பதால், திருத்தத்தை அதே பக்கத்தில் வெளியிட வேண்டுகிறோம்.

விலங்கியல் ஆசிரியர்கள்,
தூத்துக்குடி