மூன்று ஜோடி தேறினால் போதுமா? பூட்ஸ் உற்பத்தியாளர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை சங்க நிர்வாகிகளுக்கு, வணக்கம்.

ராணுவ, போலீஸ் டெண்டருக்கும் கடைச் சரக்குக்கும் பொதுவாக ஓர் உழைப்புத் தரம், அதாவது பூட்ஸ் எவ்வளவு தாங்க வேண்டும் என்ற விதி, எழுதுங்கள் என்று கேட்கிறோம். அமெரிக்க ராணுவமே 1994-ல் தன் தனித் தரங்களைக் குறைத்துச் சந்தைத் தரங்களின் பக்கம் திரும்பியது. நமக்கு மட்டும் இரண்டு ஏடு எதற்கு?

இப்போது ‘டெஸ்ட் பாஸ்’ தாள் இருந்தால் லாட் (ஒரே தடவையில் தயாரான சரக்கு) கிளம்பிவிடுகிறது. மூன்று ஜோடி, அதாவது ஆறு பூட்ஸும் தேறினால், 90 சதவீத நம்பிக்கையோடு சொல்லக்கூடியது லாட்டில் 68 சதவீதமாவது தாங்கும் என்பதுதான். 90 சதவீதம் தாங்கும் என்று சொல்ல, 22 பூட்ஸ் ஒன்றுகூடப் பழுதாகாமல் தேற வேண்டும். ஒரு பழுதை அனுமதித்தால் 38. இந்த எண்ணிக்கையைத் தரத்தில் எழுதுங்கள்.

அளவுகளுக்குப் பஞ்சமில்லை. பாதுகாப்புக் காலணிக்கான சர்வதேசத் தரம் ஐ.எஸ்.ஓ. 20345, சோல் ஒட்டு அகலத்தில் ஒரு மி.மீ.க்கு 4 நியூட்டன் இழுவிசையைத் தாங்கக் கேட்கிறது, ஒட்டு விடாமல் சோலே கிழிந்தால் 3 போதும். சோலில் வெட்டு போட்டு மடித்தால், 30,000 மடிப்பில் அந்த வெட்டு 4 மி.மீ.க்கு மேல் வளரக் கூடாது.

ராணுவச் சரக்கையும் சேர்த்தால் இவை மட்டும் போதாது. கடை பூட்ஸ் சில மாதத்தில் காலில் ஏறிவிடும். ராணுவக் கிடங்கான டிப்போவில் பூட்ஸ் பெட்டிக்குள் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். பாலியெஸ்டர் வகை பி.யூ. (பாலியூரித்தேன்) சோல் காற்றின் ஈரத்திலேயே உள்ளுக்குள் சிதையும். ஒருநாளும் போடாத பூட்ஸ் முதல் நடையிலேயே மாவு உருண்டை மாதிரி உதிரும். ஆகவே 70 டிகிரி நீராவி நிறைந்த மூடிய கலத்தில் 7 நாள் வைத்து, பிறகு 1,50,000 தடவை மடித்து, வெட்டு 6 மி.மீ.க்குள் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காவிட்டால் பாலியீத்தர் வகைக்கோ ரப்பருக்கோ மாறுங்கள்.

ஒட்டு பிரிந்தால் எல்லோரும் பசையைத் திட்டுகிறார்கள். பாதி நேரம் குற்றம் மேஜையில் இருக்கிறது: சாயங்காலம் ஹார்ட்னர் (பசையை இறுகவைக்கும் மருந்து) கலந்து மிச்சமான பசை மறுநாள் காலை தூரிகைக்கு வருகிறது, ஐப்பசி ஈரத்தில் பசை காயுமுன்பே பிரஸ்ஸுக்குப் போகிறது. பிரிந்த இடமே காட்டிக்கொடுக்கும். பசை முழுக்க சோலோடு போய், தோல் பக்கம் பளபளப்பாக இருந்தால் ரஃபிங் (ஒட்டுமுன் தோலைச் சுரண்டுவது) கிரெய்ன் என்கிற வழுவழுப்பான மேல்தோலைத் தாண்டவில்லை. தோல் நார் பிய்ந்து வந்திருந்தால் ஒட்டு நல்லது, தோல்தான் பலவீனம். எது எப்படிப் பிரிந்தது என்று எழுத, சோதனைத் தாளில் ஒரு கட்டம் வேண்டும்.

லாட்டுக்கு இரண்டு ஜோடி பெட்டியோடு எடுத்து வைத்து, ஆண்டுக்கு ஒரு பூட்ஸாக அறுத்துப் பாருங்கள். நான்கு ஆண்டுக்கு அது போதும்.