விதைநெல்லை எப்போது எடுப்பது?

ஐயா,

நோயாளியின் நோய் எதிர்ப்புச் செல்களை எடுத்து, புற்றுநோயைத் தாக்கும்படி மாற்றி, மீண்டும் உடலில் செலுத்தும் கார்-டி செல் சிகிச்சை குறித்துத் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மும்பை ஐஐடியும் டாடா நினைவு மையமும் உருவாக்கி, 2023 அக்டோபரில் ஒப்புதல் பெற்ற நெக்ஸ்கார்19 என்ற இந்தியச் சிகிச்சை, வெளிநாட்டுச் சிகிச்சையைவிடப் பல மடங்கு மலிவு என்பதோடு கட்டுரை நின்றுவிட்டது. விலை முக்கியம்தான், சரி. ஆனால் இங்கே மூலப்பொருள் நோயாளியின் சொந்த டி செல்கள் எனும் வெள்ளணுக்கள். செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா நன்றாக இயங்கி, கொழுப்பையும் எரித்து ஆற்றல் பெறும் நினைவு வகைச் செல்கள் (முன்பு சந்தித்த நோயை நினைவில் வைத்திருப்பவை) உடலில் நெடுநாள் தங்கிப் போராடும். குளுக்கோஸையே நம்பி வேகவேகமாகச் செலவழிக்கும் செல்கள் சீக்கிரம் களைத்துவிடும். கீமோ சுற்றுகள் கூடக்கூட, நல்ல வகை குறைந்துகொண்டே போகிறது. மணி பிடிக்காமல் சாவியாகிப்போன பயிரிலிருந்து யாராவது விதைநெல் எடுப்பார்களா?

செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வழியாக, லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்காக என் மைத்துனரைத் திருவனந்தபுரத்துக்கு இரண்டு வருடம் அழைத்துப் போனேன். மூன்றாவது மருந்தும் கைவிட்ட பிறகுதான் இந்தச் சிகிச்சை பற்றிய பேச்சே வந்தது. அதற்குள் டி செல்களை உள்ளடக்கிய லிம்போசைட் வெள்ளணுக்களின் எண்ணிக்கை சரிந்து, செல் சேகரிப்பை இரண்டு முறை தள்ளிப்போட்டார்கள். நோய் திரும்பும் வாய்ப்பு அதிகமுள்ளவர்களின் செல்களைத் தொடக்கத்திலேயே எடுத்து உறையவைக்கும் வசதியை அரசுப் புற்றுநோய் மையங்களில் ஏற்படுத்த வேண்டும். அப்புறம், சேகரித்த செல்களை எண்ணுவதோடு விடாமல், அவற்றின் ஆற்றல் திறனையும் சோதித்துத் தேர்ந்தெடுக்கும் ஆய்வுகளுக்கு நிதி ஒதுக்கலாம்.

- ஒரு வாசகர், செங்கோட்டை