ஸ்ட்ரிங்கருக்கு எந்தப் பட்டி?

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. படகின் அடித்தளத்தில் நீளவாக்கில் ஓடும் தாங்குமரமான ஸ்ட்ரிங்கரில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் கைப்பிடி வரைக்கும் உள்ளே போகிறது என்று எழுதியிருந்தாய். படித்ததும் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. ஆறு வருஷத்துக்கு முன்னால் என் படகிலும் இதே கதைதான். மேலே ஃபைபர் கல் மாதிரி இருந்தது. வெட்டிப் பார்த்தால் உள்ளே பிளைவுட் நனைந்த அட்டையாகக் கையோடு வந்தது. இருக்கையைப் பொருத்த யாரோ போட்ட நாலு ஸ்க்ரூ ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கிறது.

எந்தப் பசை ரொம்பப் பலமானது என்று கேட்கிறாய். நானும் அப்போது அதே கேள்வியோடுதான் அலைந்தேன். ஆனால் ஸ்ட்ரிங்கரைப் படகோடு பிடித்து வைப்பது அடியில் போகும் பசை இல்லை. அதன் இரண்டு பக்கமும் ஏறி, அடித்தளத்தின் மேல் படர்ந்து ஒட்டுகிற கண்ணாடி இழைத் துணிதான். ரெசின் என்ற ஒட்டும் திரவத்தில் தூளைக் கலந்து கெட்டியாக்குகிற பட்டிக்கு இருப்பது இரண்டு வேலை. மரத்துக்கும் தளத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளியை நிரப்பிப் பாரத்தைப் பரவலாக இறக்குவது ஒன்று. மூலையை வளைவாக்கித் தருவது இன்னொன்று. இதை மனதில் வைத்துக்கொண்டு டப்பாவைத் தேர்ந்தெடு, பாதிக் குழப்பம் போய்விடும்.

மூலை விஷயத்தை நான் முதலில் சாதாரணமாக நினைத்துவிட்டேன். அந்தத் துணி செங்குத்தான மூலையில் மடங்காது. ரோலரால் அழுத்தும்போது சமத்தாகப் படுத்திருக்கும், அந்தப் பக்கம் திரும்பினால் எழுந்துவிடும். அடியில் நீளமாக ஒரு காற்றுக்குழி நின்றுவிடும். அதனால் பட்டியை மூலை நெடுக வைத்து, முனை உருண்ட குச்சியால் ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும். ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் ஆரம் வந்தால் போதும். இழுத்த தடத்தின் இரண்டு ஓரத்திலும் மெல்லிய வரம்பு மாதிரிப் பட்டி பிதுங்கி நிற்கும். அதை உடனே வழித்துவிடு. காய்ந்த பிறகு அதைத் தேய்ப்பது பெரிய தண்டனை.

ஸ்ட்ரிங்கரைத் தளத்தில் இடிக்க இடிக்க இறுக்கமாக அறுக்காதே. மரம் ஓரிரு இடத்தில் மட்டும் முட்டிக்கொண்டு நின்றால், அலை அடிக்கும்போதெல்லாம் அந்த இடத்தில்தான் குத்தும். ஒரு 5, 6 மில்லிமீட்டர் சந்து விட்டு, பட்டியில் உட்கார வை.

சரி, ரெசினுக்கு வருகிறேன். உன் படகு பாலியெஸ்டர் ரெசினில் செய்தது. முழுதாகக் காய்ந்துபோன பழைய ஃபைபரில் எந்த ரெசினும் வேதியியலாக இணையாது, சொரசொரப்பைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். அந்தப் பிடிப்பில் எபாக்சி ரெசின் பாலியெஸ்டரைவிட ஒரு படி மேல், காயும்போது சுருங்குவதும் ரொம்பக் குறைவு. பாலியெஸ்டரின் பலம் அது மலிவு என்பதுதான். வினைலெஸ்டர் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். கை தாங்குமானால் எபாக்சிக்கே போ என்பேன். ஆனால் ஒருமுறை எபாக்சி பூசிவிட்டால் கடைசிவரை எபாக்சிதான். காய்ந்த எபாக்சி மேல் பாலியெஸ்டரை நம்ப முடியாது. இன்னொன்று, இழைகளைக் கலைத்துப் போட்டுச் செய்த சாதாரண ‘மேட்’ துணியில் அவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பசை பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும், எபாக்சியில் கரையாது. இழைகள் இரண்டு திசையில் ஓடும், தையல் போட்ட பையாக்சியல் துணியாகக் கேட்டு வாங்கு.

வீட்டு வேலைக்கு விற்கிற பாலியூரிதேன் பசைக் குழாயைச் சிலர் இதற்குப் பயன்படுத்துகிறார்கள், நன்றாக இருக்கிறது என்றும் சொல்கிறார்கள். மரத்தை உட்கார வைக்க அது போதும்தான். ஆனால் நுரைத்துக்கொண்டு வரும், ஒழுங்கான வளைவு இழுக்க விடாது. அதன் மேல் ரெசின் எப்படிப் பிடிக்குமோ என்ற கவலை வேறு. எனக்கு மனசு வரவில்லை.

கலக்கிற தூளில்தான் நிறையப் பேர் கோட்டைவிடுகிறார்கள். புகை மாதிரிப் பறக்கும் சிலிக்கா பட்டியை வழியாமல் நிறுத்தும், ஆனால் அது மட்டும் போதாது. நறுக்கிய கண்ணாடி இழையோ அரைத்த இழையோ சேர்த்தால்தான் விரிசல் விடாத உறுதி வரும். எபாக்சியில் மரத்தூளும் அருமையாக வளைவு இழுக்கும். மைக்ரோபலூன் என்ற நுண்குமிழித் தூள் லேசாக இருக்கும், தேய்க்கச் சுகமாக இருக்கும், அதனாலேயே ஆசை காட்டும். அதை அழகு வேலைக்கு வைத்துக்கொள், பாரம் தாங்கும் இடத்துக்கு வேண்டாம். கார் டிங்கரிங் பட்டியும் கூடாது. அதிலிருக்கும் டால்க் தூள் ஈரத்தை இழுக்கும்.

ரெசினையும் அதை இறுகவைக்கும் ஹார்டனரையும் முதலில் நன்றாகக் கலந்துவிட்டு அப்புறம் தூளைப் போடு. குச்சியில் அள்ளினால் விழக்கூடாது, அழுத்தினால் பரவ வேண்டும், அதுதான் பதம். பாலியெஸ்டருக்கு ஹார்டனரை 1 முதல் 2 சதவீதத்துக்குள் வெயிலைப் பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம். எபாக்சியில் அந்த விளையாட்டே கூடாது, டப்பாவில் போட்ட விகிதம்தான். நான் பேராசையில் ஒரு பெரிய குவளை நிறையக் கலந்து வைத்துவிட்டு மரத்தைத் தூக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் கலவை தானாகச் சூடேறி, குவளை உருகிப் புகைந்துகொண்டிருந்தது. கொஞ்சமாகக் கலந்து, அகலமான தட்டில் பரப்பி வை.

மரத்தின் வெட்டு முனைகளுக்கு முதலில் தூள் கலக்காத ரெசினைக் குடிக்கக் கொடு. இல்லையென்றால் பட்டியில் இருப்பதை அது உறிஞ்சிவிட்டு ஒட்டு வறண்டுபோகும். வளைவு இழுத்த பிறகு, நகத்தால் அழுத்தினால் தடம் விழுகிற பதத்திலேயே துணியைப் போட்டுவிடு, இரண்டும் ஒன்றாகக் காயும். மறுநாளுக்குத் தள்ளினால் எபாக்சி மேல் மெழுகு மாதிரி ஒரு படலம் வந்திருக்கும். அதை வெறும் தண்ணீரும் நாரும் போட்டுக் கழுவிவிட்டு, அப்புறம் உப்புத்தாள்.

கிரைண்டர் பிடிக்கும்போது முகமூடி இல்லாமல் உள்ளே இறங்காதே, உனக்கு ஏற்கெனவே இருமல். எல்லா ஸ்ட்ரிங்கரையும் ஒரேயடியாகப் பிடுங்கிவிடாதே, படகு தன் வடிவத்தை மறந்துவிடும். ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போ.

என் முழங்கால் இப்போது குனிந்து வேலை செய்ய விடுவதில்லை, இல்லையென்றால் நானே வந்திருப்பேன். நான் வளைவு இழுத்த குச்சிகள் மூன்றை இதோடு அனுப்பியிருக்கிறேன். ஓரத்தில் பழைய எபாக்சி ஒட்டியிருக்கும், சுரண்டிக்கொள். நடுத்தர அளவில் இருப்பதுதான் கைக்கு வாகு.

உன்,
பழைய படகுக்காரன்